மறுபூசை செய்யாத குரல்கள்

செங்காளிபாளையத்து வேலாத்தாள் மில்லுல வருசத்துல ஒரே ஒரு நாள், ஆயுத பூசையன்னைக்குத்தான், மிசினுக மொத்தமா நிக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட ஒரு பக்கம் நூலு ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஊரே காது அடைச்சாப்பல அடங்கிக் கெடக்கற அப்படியொரு பூசை நாள்லதான், கோயமுத்தூர் ஆபீசுல உக்காந்திருந்த சின்ன மொதலாளி உத்தரவு போட்டாரு: மிசினு நிக்கறப்பவே எல்லாச் சிஸ்டத்துலயும் ஆளுக்காளு பேசிக்கற சாப்ட்வேரு ஒண்ணைப் போட்டு முடிச்சிரோணும், நாளையிலிருந்து மில்லுக்குள்ள யாரும் யாரையும் கூவிக் கூப்பிடக் கூடாது, துண்டுச் சீட்டுக் குடுத்து ஆளனுப்பக் கூடாது, சேதின்னாலும் சரி பேச்சுன்னாலும் சரி எல்லாம் அதுக்குள்ளயேதான் நடக்கோணும்.

அந்த வேலை சென்னியப்பன் தலையில விழுந்துச்சு. மில்லுக்கு ஒரே சிஸ்டம்காரன் அவன். கல்யாணமாகி எட்டு வருசத்துக்கப்பறம் அவன் பொண்டாட்டி ரேணுகா அப்பத்தான் முழுகாம இருந்தா. தெனமும் வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னால அவ வயித்துக்கிட்டக் குனிஞ்சு, "அப்பன் போயிட்டு வாரேன் சாமி"ன்னு சொல்லிட்டுத்தான் வண்டியை எடுப்பான். பொறக்கறது பொண்ணுன்னா செவ்வந்தின்னு பேரு வெக்கோணும், அதைத் தன் வாயாலயே காதுல சொல்லோணும்னு அவனுக்கு ஆசை. அவங்க ஊட்டு வழக்கமும் அதுதான், பெத்தவன்தான் புள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொல்லோணும். அன்னைக்கும் வயித்துக்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். அதுதான் கடைசி.

மில்லு வாசல் கேட்டுக் கேபின்ல ஆரம்பிச்சு, எடை மேடை, பஞ்சுக் குடோன், நூலு சோதிக்கற லேப்பு, கணக்கு ரூமுன்னு ஒவ்வொரு சிஸ்டமா உக்காந்து சாப்ட்வேரை ஏத்தினான். சின்ன மொதலாளி சொன்னபடி, மில்லுக் காம்பவுண்டுச் சுவத்தைத் தாண்டி எந்த செல்போன்லயும் அது தெறக்காதபடி பூட்டியும் வெச்சான். ஆளாளுக்கு ஒரு ஐடி போட்டு, ஹெட்செட்டைக் காதுல மாட்டிவிட்டு, "பேரு சொல்லுங்க, செக்சன் சொல்லுங்க, அப்பறம் வாயில வர்றது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, மைக்கு எடுக்குதான்னு பாக்கலாம்"னான். எல்லாரும் வெக்கப்பட்டாங்க. எடை மேடை ராக்கியப்பன் தொண்டையைச் செருமிச் செருமி ஒரு சினிமாப் பாட்டைப் பாடினான். பஞ்சுக் குடோன் லோகநாயகி, புருசன் செத்ததுக்கப்பறம் ஒத்தை மகனை வெச்சுக் காப்பாத்தற பொம்பளை, அந்த மைக்கைச் சாமின்னு நெனச்சாளோ என்னமோ, "லோகநாயகி, பஞ்சுக் குடோன், எம்மவன் நல்லாப் படிக்கோணும்"னா. எல்லாத்துக்கும் அவன் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "பேசாதப்ப மைக்கை அணைச்சு வெச்சுருங்க. நீங்க மறந்தாலும் அது மறக்காது, காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருக்கும்."

மிசினோட்டற பொம்பளைகளுக்கும் பஞ்சு சுமக்கற ஆம்பளைகளுக்கும் ஐடி கெடையாது. சிஸ்டத்து முன்னால உக்காரறவங்களுக்கு மட்டுந்தான். அதை அப்பப் பெருமைன்னு நெனச்சுக்கிட்டாங்க பாருங்க.

ஸ்பேனரு, கத்திரி, தராசுக் கல்லு, இதுகளோட ஹெட்செட்டுகளையும் வரிசையா வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, பூசணிக்காய் ஒடைச்சாங்க. பூசையில வெச்ச ஆயுதத்தை மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும், இடையில தொடப்படாது, இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா சின்ன மொதலாளி மத்தியானமே எல்லாரும் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டுச் சாப்ட்வேருக்குள்ள மீட்டிங்குக்கு வந்தாகோணும்னுட்டாரு. வாட்ச்மேன் காளியண்ணன், "வெச்சதை எடுக்காத சென்னி, நாளைக்கு எடுத்துக்கலாம்"னு ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தாரு. "ஹெட்செட்டு என்னங்கண்ணா ஆயுதமா, ஒயரு மாட்டின பிளாஸ்டிக்குங்க"ன்னுட்டு சென்னியப்பன் சந்தனத்தைத் தொடச்சுத் தொடச்சு ஆளுக்கொண்ணா எடுத்துக் குடுத்தான். எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க, எல்லாரும் "வணக்கம் சார்"னாங்க, மீட்டிங்கு நல்லபடியா முடிஞ்சுது.

பொழுதோட ஊட்டுக்குப் போயி வாயைத் தெறந்தா ஒருத்தருக்கும் சத்தம் வரல. ஒதடு அசையுது, நாக்குப் பொரளுது, மூச்சு வருது, கொரலு மட்டும் இல்ல. மறுநாள் மில்லுக்குள்ள வந்து ஹெட்செட்டை மாட்டினா, வாய்க்கு வெளிய அப்பவும் சத்தமில்ல, ஆனா அந்தப் பக்கத்துச் சிஸ்டத்துல கணீர்னு கேக்குது. அவங்கவங்க கொரலு அவங்கவங்க ஐடிக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான் சங்கதி.

பல்லடத்து டாக்டரு தொண்டைக்குள்ள டார்ச்சடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லையேன்னாரு, கருப்பராயன் கோயில்ல கயிறு கட்டினாங்க, தேன் குடிச்சாங்க, துளசித் தண்ணி கொப்புளிச்சாங்க, ஹெட்செட்டுகளை மறுபடி வரிசையா வெச்சு மறுபூசையும் போட்டுப் பாத்தாங்க. அன்னைக்கு விட்ட மறுபூசையை இன்னைக்குப் போட்டா செல்லுமா? செல்லல. அப்பறம் பழகிட்டாங்க. மனுசன் எதுக்குத்தான் பழகல.

சாயங்காலமானா மில்லு கேட்டுல கூட்டம் கூடும். கேபின்ல இருக்கற ஸ்பீக்கரைக் காளியண்ணன் ரோட்டைப் பாத்துத் திருப்பி வெச்சிருவாரு, உள்ள இருக்கறவங்க ஒவ்வொருத்தரா கேட்டுக்குப் பேசுவாங்க, வெளிய பொண்டாட்டி புள்ளைக வரிசையில நின்னு கேட்டுக்குவாங்க, பேசி முடிச்சதும் ஊமையா வெளிய வந்து குடும்பத்தோட ஊட்டுக்குப் போவாங்க. புருசன் பொண்டாட்டி சண்டையெல்லாம் ஊரு கேக்க நடந்ததால சண்டை கொறஞ்சுபோச்சு, கொஞ்சற பேச்சும் அதோட கொறஞ்சுபோச்சு. பொண்ணு குடுக்கறவங்க, மாப்பிள்ளைக்கு ஊட்டுக் கொரலா மில்லுக் கொரலான்னு மொதல்லயே விசாரிச்சாங்க. மிசினுச் சத்தத்துல காது கேக்காதுன்னு நூலோட்டற பொம்பளைக காலங்காலமா கைச்சாடையிலயே பேசிக்குவாங்க, அதைப் பாத்துச் சிரிச்ச ஆபீசு ஆளுக இப்ப அவங்ககிட்டயே சாடை கத்துக்கிட்டு, டீக்கடையில ரெண்டு வெரலை ஆட்டிச் சக்கரை கொறச்சல்னு சொல்லப் பழகிட்டாங்க. மில்லுக்காரங்க புள்ளைக வாயிருந்தும் ஊட்டுல கையாலயே பேசுச்சுக.

சென்னியப்பனும் தெனமும் கேட்டுக்குப் பேசினான். ரேணுகா வயித்தை ஸ்பீக்கருக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நிப்பா. "அப்பன் பேசறேன் சாமி"ன்னு அவன் சொன்னா உள்ள புள்ளை ஒதைக்கும். சுத்தி நிக்கறவங்க எல்லாருக்கும் அந்த ஒதை தெரியும், காளியண்ணன் கையைத் தூக்கி எல்லாத்தையும் பேசாம இருக்கச் சொல்லுவாரு, அவருக்கும் கேட்டு ஐடிக்குள்ளதான கொரலு.

சின்ன மொதலாளிக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல. வெட்டிப் பேச்சு நின்னுபோச்சு, பேசறதெல்லாம் கோயமுத்தூருக்குக் கேக்குது, வேற மில்லுக்கு யாரும் போறதில்ல. ஒருத்தன் போனான். எடை மேடை ராக்கியப்பன். வேலைய விட்டுட்டா கொரலும் கையோட வந்துரும்னு அவன் ஒரு கணக்குப் போட்டான். வேலைய விடறவங்க ஐடியை அன்னைக்கே எடுத்துரோணும்கறது கம்பெனி சட்டம், சென்னியப்பனும் அதுபடியே எடுத்துட்டு, எல்லாரோடயும் சேந்து கேட்டுல போயி நின்னான். ராக்கியப்பன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு, நெஞ்சை நிமித்தி, மொதநாள் பாடின பாட்டை எடுத்தான். வாய் பாடுச்சு, கழுத்து நரம்பு பொடைச்சுது, ரோட்டுல லாரிச் சத்தம்தான் கேட்டுச்சு. ஓடிப்போயி அதே பேருல மறுபடி ஐடி போட்டுக் குடுத்துப் பாத்தான் சென்னியப்பன். பேரு வந்துச்சு, போட்டோ வந்துச்சு, கொரலு வரல. அழிச்சது அழிச்சதுதான்.

அன்னையிலிருந்து சென்னியப்பனைப் பாக்கற பார்வையே மாறிப்போச்சு. சென்னின்னு கூப்பிட்டவங்க சாருன்னாங்க. அவன் மேசையில முருங்கைக்காயும் நாட்டுச் சக்கரையும் தானா வந்து உக்காந்துச்சு. அது அவனுக்குப் பிடிக்கல. பிடிக்கலேன்னாலும் முருங்கைக்காயை ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனான், அதையுஞ் சொல்லோணுமல்ல.

ரேணுகாவுக்கு மாசம் நெருங்கிக்கிட்டிருந்தப்பத்தான் லோகநாயகியோட ஆத்தா செத்துப்போனா. ஒத்தை மக. ஒறம்பரைப் பொம்பளைக எல்லாம் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வெக்கறாங்க, பெத்த மக மட்டும் தலைமாட்டுல உக்காந்து வாயைத் தெறந்து தெறந்து மூடறா. மக அழுகாம பொணம் எடுத்தா கட்டை வேகாதும்பாங்க அந்தப் பக்கம். லோகநாயகி எந்திரிச்சா, மில்லுப் பக்கம் கையைக் காட்டினா, பாடையைத் தூக்கறவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டா. அவங்களுக்குப் புரிஞ்சுது. சுடுகாட்டுப் பாதையை விட்டுட்டு, பறை முன்னால போக, பாடை மில்லு கேட்டுக்கு வந்து நின்னுச்சு.

லோகநாயகி நேரா சென்னியப்பன்கிட்ட வந்து நின்னா. கண்ணுல தண்ணியோட ஹெட்செட்டைக் கையைக் காட்டினா. அவன் அவளைக் குடோன் சிஸ்டத்துல உக்கார வெச்சு ஹெட்செட்டை மாட்டிவிட்டான். கேட்டு ஸ்பீக்கரு சின்னது, பறைச் சத்தத்துல கேக்காதுன்னு, மில்லு முச்சூடும் கேக்கற அறிவிப்பு லைன்ல அவ கொரலைப் போட்டுவிட்டான். அந்த லைன் கோயமுத்தூர் வரைக்கும் போவும்கறது அவனுக்குத் தெரியாதா, அவன் போட்ட லைன்தான. அந்த நேரத்துல தோணல.

"என்னப் பெத்த மகராசி,
பஞ்சுப் பொதிக்குள்ள பாவி கொரலு மாட்டிக்கிச்சே,
ஊட்டு வாசல்ல அழுகாம
உன்னெ மில்லு வாசல்ல நிறுத்திப்புட்டனே,
தாலாட்டிப் போட்டவளே, உன்
தலைமாட்டுல அழுகறதுக்கு
எனக்கொரு வாயில்லாமப் போச்சே."

மிசினுச் சத்தத்தையும் மீறி அது கேட்டுச்சு. நூலோட்டற பொம்பளைக மிசினை விட்டுட்டு மாரில அடிச்சுக்கிட்டாங்க, லேப்புல, கணக்கு ரூமுல, எல்லாச் சிஸ்டத்துலயும் அவ அழுதா, கேட்டுல பாடைக்கு மேல அவ கொரலு எறங்குச்சு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, சென்னியப்பன் சொல்லிக் குடுத்தபடியே மைக்கை அணைச்சுட்டு, ஹெட்செட்டைக் கழட்டி ஒயரைச் சுத்தி வெச்சுட்டு, பொணத்தோட போனா.

பொணம் எரிஞ்சு முடியறதுக்குள்ள சின்ன மொதலாளி கூப்பிட்டாரு.

"சென்னியப்பன், வெளிநாட்டுப் பார்ட்டி லைன்ல இருந்தாங்க. யாரு செத்தாங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"தப்புத்தானுங்க சார். நாந்தானுங்க லைன் போட்டுக் குடுத்தேன்."

"அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பச் சொல்லல. ஐடிய மட்டும் எடுத்துருங்க. பஞ்சுப் பேல் எண்ணறதுக்கு வாய் எதுக்கு?"

"சார், அது போனா திரும்ப வராதுங்க சார்."

"உங்களால முடியலைன்னா சொல்லுங்க. இங்க இருந்தே எடுக்க ஆளிருக்கு. அப்ப உங்களுதையும் சேத்து ரெண்டு ஐடியையும் எடுக்கச் சொல்லிருவேன்."

சென்னியப்பன் அதை ரேணுகாகிட்டச் சொல்லல. காரியம் முடிஞ்சு லோகநாயகி வேலைக்கு வர்ற வரைக்கும் ஐடியைத் தொடாம நாளைத் தள்ளினான். ஒரு பக்கம் அந்தக்கா மூஞ்சி, ஒரு பக்கம் பொறக்கப்போற புள்ளையோட காது. எம்புள்ளைக்குப் பேரு சொல்ற வரைக்குமாவது எனக்குக் கொரலு வேணும் தாயேன்னு கண்ணை மூடிக்கிட்டான். அவ குடோன்ல உக்காந்து பேல் நம்பரு படிச்சுக்கிட்டிருந்தப்ப, பாதி நம்பருல, எடுத்துட்டான்.

ஆபீசு ரூமுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குடோன்ல அவ தெரிஞ்சா. பேசிக்கிட்டே இருந்தவ நிறுத்தினா. மொதல்ல மைக்கு அணைஞ்சிருக்கான்னு பாத்தா. அப்பறம் ஒயரு கழண்டிருக்கான்னு பாத்தா. புடுங்கித் தொடச்சு மறுபடி சொருகினா. மைக்கை வெரல்ல தட்டினா. அவன் சொல்லிக் குடுத்த ஒவ்வொண்ணையும் ஒண்ணுவிடாமச் செஞ்சுட்டு, அப்பறந்தான் திரும்பி அவனைப் பாத்தா. அவன் குனிஞ்சுக்கிட்டான். அவ ஒரு சாபம்கூட விடல, விடறதுக்கும் வாய் வேணுமல்ல. அன்னைக்குச் சாயங்காலம் அவ மகன் கேட்டுல நின்னு ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டிருந்தான், காளியண்ணன்தான் அவன் தோளைப் பிடிச்சு ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

பொண்ணுதான் பொறந்துச்சு. செக்கச்செவேல்னு, ஆசுபத்திரி முழுக்கக் கேக்கற மாதிரி வீல்னு அழுதுக்கிட்டு. பக்கத்துக் கட்டில்காரிக எல்லாம், "தொண்டையப் பாரு, ஊரையே வித்துரும்"னு சிரிச்சாங்க. சென்னியப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு நின்னு அழுதான்.

பேரு வெக்கற நாள் வந்துச்சு. மில்லு கேட்டுலதான் வெக்கோணும்னு அவன் சாடையில சொன்னதும் ரேணுகா மூஞ்சி சுண்டிப்போச்சு.

"வேண்டாங்க. எங்கண்ணன் சொல்லட்டும், இல்ல நான் சொல்றேன். யாரு சொன்னா என்ன, பேரு பேருதானுங்க. புள்ளைய அந்தப் பக்கம் கொண்டு போகோண்டாம்."

அவன் முடியாதுன்னு தலையை ஆட்டினான். அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சினா, அதுக்கும் ஆட்டினான். எந்தக் கொரலுக்காக அந்தக்காளோட கொரலை அறுத்தானோ அதைப் புள்ளைக்குக் குடுக்காம வேற எதுக்கு வெச்சிருக்கறது, இது அவன் நெனப்பு. அவனை என்னன்னு சொல்றது. வயித்தெரிச்சல்தான்.

காலையிலயே கேட்டுல கூட்டம். ரேணுகா புள்ளையோட கேபின்ல உக்காந்தா, சென்னியப்பனே ஹெட்செட்டைச் சின்னதாக்கி புள்ளை தலையில பதனமா மாட்டினான், மைக்குத் தண்டு புள்ளை கன்னத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. லோகநாயகியும் வந்து ஓரமா நின்னா. எதுக்கு வந்தாளோ, புள்ளையப் பாக்கத்தான் வந்திருப்பா. சென்னியப்பன் ஆபீசு ரூமுக்கு ஓடிப்போயி, தன் ஹெட்செட்டை மாட்டி, கேட்டைக் கூப்பிட்டான்.

"செவ்வந்தி"ன்னான். புள்ளை கண்ணை முழிச்சுது. வயித்துக்குள்ள இருந்து கேட்ட கொரலு அதுக்குத் தெரியாதா. "செவ்வந்தி"ன்னான். பொக்கை வாய் விரிஞ்சுது. "செவ்வந்தி"ன்னான் மூணாந்தடவை, கொரலு ஒடைஞ்சு. புள்ளை ஒதட்டைப் பிதுக்கி, ஆசுபத்திரியில அழுத மாதிரியே வீல்னு எடுத்துச்சு. வெளிய எல்லாரும் சிரிச்சாங்க, காளியண்ணன் சக்கரையைக் கையில கொட்டிக்கிட்டு ஆளாளுக்குக் குடுத்தாரு. ஆபீசு ரூமுல சென்னியப்பனுக்குக் காது நெறைய மக சத்தம். கேட்டுக்கிட்டே திரையைப் பாத்தான். கேட்டு மைக்கோட வெளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

மில்லுல ஒருத்தரையும் விடாம, பேசாதப்ப மைக்கை அணைங்க அணைங்கன்னு சொன்னவன், பெத்த மக வாய்கிட்ட வெச்ச மைக்கை அணைக்கல.

அவன் ஓடி வர்றதுக்குள்ள லோகநாயகி கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் பாஞ்சு, அவன் சொல்லிக் குடுத்த எடத்துல வெரலை வெச்சு மைக்கை அணைச்சிருந்தா. ஹெட்செட்டையும் கழட்டியிருந்தா. அணைச்சும் கழட்டியும் என்ன. ரேணுகா மடியில புள்ளை மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி ஓட, வாயை ஆன்னு தெறந்துக்கிட்டுக் கெடக்குது. சத்தம் மட்டும் தலைக்கு மேல ஸ்பீக்கர்ல இருந்து வருது.

திரையில ஆளுக பேரு வரிசையில, யாரும் போடாத ஐடி ஒண்ணு கடைசியில வந்திருந்துச்சு. செவ்வந்தி. பக்கத்துல பச்சைப் புள்ளி. மத்தவங்க புள்ளி ஹெட்செட்டைக் கழட்டினா அணைஞ்சிரும், இது அணையவே இல்ல.

சின்ன மொதலாளி காதுக்கு அது போகாம இருக்குமா. இந்தத் தடவை அவரு கோவிச்சுக்கல.

"இருக்கட்டும் சென்னியப்பன். நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். எனக்கும் புள்ளைக இருக்கு. நீங்க இங்க இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கட்டும்."

"ரொம்ப நன்றிங்க சார்"னான் சென்னியப்பன். கணீர்னுதான் கேட்டுச்சு.

அன்னைக்கு ஊட்டுல ரேணுகா அவனைத் திட்டல. புள்ளைய மடியில போட்டு, ஒதடு அசையறதையே பாத்துக்கிட்டிருந்துட்டுச் சொன்னா: "இனி நீங்க அந்த வேலைய விட முடியாதுங்க. நாளைக்கு இவளும் அங்கதான் போகோணும்." அவன் ஏதோ சொல்ல வாயைத் தெறந்தான். அதுல என்ன வரும், மூச்சுத்தான் வந்துச்சு.

ஊரு இதுக்கும் ஒரு வழி பண்ணிக்கிச்சு. ஷிப்டு மாறறதுக்கு அடிக்கற இரும்பு மணி கேட்டுலதான் தொங்குது. ஊட்டுல புள்ளை அழுதாலும் சத்தம் கேட்டு ஸ்பீக்கர்லதான வருது, அது கேட்டா காளியண்ணன் எந்திரிச்சுப் போயி மணியை அடிப்பாரு. அவரு இல்லாதப்ப லோகநாயகி குடோன்ல இருந்து ஓடியாந்து அடிப்பா. மணிச் சத்தம் காட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போவும், டீக்கடையில யாராவது, "செவ்வந்திக்குப் பசிக்குதாட்ட"ன்னு சொல்லிட்டு டீயை ஆத்துவாங்க. அதைக் கேட்டுத்தான் ரேணுகா அடுப்பை அணைச்சுட்டு ஓடியாந்து, பக்கத்துலயே தொட்டில்ல வாயைத் தெறந்து அழுதுக்கிட்டுக் கெடக்கற மகளைத் தூக்குவா.